பறவை ஏன் திண்டிவனத்தில் இறங்கவில்லை?

மரக்காணத்துக்குத் தென்மேற்கே விரிந்து கிடக்கிறது கழுவெளி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த உவர்நீர்ப் பரப்பில், பனிக்காலத்தில் வலசை வரும் உள்ளான்கள் திடீரென்று கூட்டமாக எழும்பும். வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு எழும்பிய சேற்றிலேயே வந்து இறங்கும். அந்தச் சுற்றுக்கு ஒன்றேகால் நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கழுவெளி எவ்வளவு தூரம் போயிருக்கும்?

மரக்காணம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12.2 பாகை வடக்கே இருக்கிறது. அந்த அட்சரேகையின் சுற்றளவை, பூமி தன் அச்சில் ஒரு முறை சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். உப்பளப் பாத்தி, அதன் வரப்பு, கீற்று போர்த்திய உப்பு அம்பாரம், கிழக்குக் கடற்கரைச் சாலை எல்லாமே வினாடிக்கு 455 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கின்றன. மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். 75 வினாடியில் 34 கிலோமீட்டர். மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனம் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். ஆக, உள்ளான் வானத்தில் இருக்கும்போது நிலம் அதன் காலடியிலிருந்து நழுவிப் போய்விட்டதென்றால், அது திண்டிவனம் பேருந்து நிலையத்துப் பக்கமாக இறங்கியிருக்க வேண்டும்.

சிரிக்க வேண்டாம். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பஞ்சசித்தாந்திகையில் எழுப்பிய கேள்வி இதுவேதான்: பூமி சுழல்கிறது என்றால் வானில் பறக்கும் பறவைகள் எப்படிக் கூட்டுக்குத் திரும்புகின்றன? இதே கேள்வியை மேலை நாடுகளிலும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கேட்டார்கள். கோபர்நிகஸ் நூல் எழுதிய பிறகும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் பூமி சுழல்கிறது என்று மனப்பாடம் செய்துவிட்டதால் கேள்வி தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். வராகமிகிரருக்குப் பதில் சொல்ல முடியாதவருக்கு அந்த மனப்பாடத்தால் எந்தப் பயனும் இல்லை என்பது என் கட்சி.

வராகமிகிரர் மறுத்தது யாரை என்பதும் தெரிந்ததே. கி.பி. 499இல், 23 வயதில் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தில் ஒரு படகு வருகிறது. படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னோக்கிப் போவதாகத் தெரியும். அதுபோலவே நிலையாக இருக்கும் விண்மீன்கள், இலங்கையில் நிற்பவருக்கு மேற்கே போவதாகத் தெரிகின்றன என்கிறார். இங்கே இலங்கை என்பது அக்கால வானியலில் நிலநடுக்கோட்டில் குறித்துவைத்த கணக்குப் புள்ளி. பின்னால் வந்த உரைகாரர்கள் பலர் இந்த இடத்தில் சங்கடப்பட்டு, ஆசிரியர் சொல்லவந்தது வேறு என்று வளைத்துப் பொருள் சொன்னார்கள். படகு என்னவோ வளையவில்லை.

ஆனாலும் படகு உவமை பாதிப் பதில்தான். கரை பின்னே போவதாகத் தெரிவது ஏன் என்பதை அது விளக்கிவிடுகிறது. படகிலிருந்து எழும்பிய பறவை மறுபடியும் படகிலேயே இறங்குமா என்பதை விளக்கவில்லை. அதற்குப் படகுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

மரக்காணத்தில் அதற்குத் தோதான ஒரு நீர்ப்பாதை உண்டு. ஆந்திரக் கரையிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இந்த ஊர்தான். ரயிலும் லாரியும் வருவதற்கு முன் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இதில் சென்னைக்குப் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி; அதுவும் போதாதபோது ஆட்கள் கரையோரம் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள். இழுத்துக்கொண்டே இருக்கும்வரை படகு போகும். கயிற்றைத் தளர்த்தினால் சற்று மிதந்துபோய் நின்றுவிடும்.

இதைப் பார்க்கிற யாரும் ஒரு முடிவுக்கு வருவார்கள்: ஒரு பொருள் ஓட வேண்டுமானால் யாராவது அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பொருளின் இயல்பு நிற்பது. அரிஸ்டாட்டிலின் இயற்பியல் இந்த அனுபவத்தின்மேல் எழுந்ததுதான். அது முட்டாள்தனமல்ல, கண்ணால் கண்டது. கண்ணுக்குத் தெரியாத கூட்டாளி ஒருவர் இருப்பதை மட்டும் அது விட்டுவிட்டது. படகை நிறுத்துவது படகின் இயல்பு அல்ல, தண்ணீர். இழுக்கிறவரின் பலம் முழுவதும் தண்ணீரின் தடையை ஈடுகட்டுவதற்கே போகிறது. தடையும் இழுப்பும் சமமாகிவிட்டபின் படகின்மேல் மிச்ச விசை என்று ஒன்றுமே இல்லை. ஆனாலும் அது போய்க்கொண்டே இருக்கிறது.

கலிலியோ இந்தக் கூட்டாளியைச் சாய்தளங்களை வைத்துப் பிரித்தெடுத்தார். ஒரு சரிவில் உருண்டு இறங்கிய குண்டு எதிர்ச் சரிவில் ஏறத்தாழ அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைப் படுக்கவைத்தால் அதே உயரத்தை எட்ட நெடுந்தூரம் ஓடுகிறது. முழுக்கப் படுக்கவைத்தால்? எட்டவேண்டிய உயரம் வரப்போவதே இல்லை. அப்படியானால் நிற்கவும் காரணம் இல்லை. 1687இல் நியூட்டன் இதை முதல் விதியாக எழுதினார்: புறவிசை எதுவும் செயல்படாதவரை, நிற்கும் பொருள் நிற்கும், ஓடும் பொருள் அதே வேகத்தில் அதே நேர்கோட்டில் ஓடும். பொருளின் இந்தப் பண்புதான் நிலைமம். அது விசை அல்ல. எதையும் தள்ளாது, இழுக்காது. மாற்றத்துக்கு மட்டும் மறுப்புச் சொல்லும். உப்பு நிறைந்த மூட்டையைத் தள்ளிவிடுவதும் கடினம், தள்ளிவிட்டபின் நிறுத்துவதும் கடினம். இரண்டும் ஒரே மறுப்பு.

இனிப் பறவைக்கு வருவோம். 1640இல் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் பியேர் கசெந்தி என்ற பாதிரியார், வாதத்தை நிறுத்திவிட்டுச் சோதனையில் இறங்கினார். துடுப்புப் போட்டு வேகமாக ஓட்டிய கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து குண்டுகளைப் போடச் சொன்னார். குண்டு விழும் நேரத்தில் கப்பல் முன்னால் போய்விடுமே, ஆகையால் அது மரத்துக்குப் பின்னால் விழும் என்பது எதிர்க்கட்சி. குண்டு பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தது. கையை விட்ட கணத்தில் குண்டு கப்பலை மறந்துவிடவில்லை. கப்பலோடு பகிர்ந்துகொண்டிருந்த முன்னோக்கிய வேகம் அதனிடமே இருந்தது. அதைப் பறிக்க யாரும் வரவில்லை. கீழே விழுவது தனிக் கணக்கு, முன்னே போவது தனிக் கணக்கு.

உள்ளானுக்கும் அதே கதைதான். சேற்றில் நின்றபோதே அதற்குக் கிழக்கு நோக்கி வினாடிக்கு 455 மீட்டர் வேகம் இருந்தது. சிறகை விரித்து எழும்பியதால் அந்த வேகம் போய்விடவில்லை. அது நீந்தும் காற்றும் அதே வேகத்தில்தான் கூடவே வருகிறது. பறவை கூடுதலாகச் செய்வதெல்லாம் வினாடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் இப்படியும் அப்படியும்தான். திண்டிவனம் தப்பித்தது.

இதன் விளைவு நினைத்ததைவிடப் பெரியது. 1632இல் வெளிவந்த தம் உரையாடல் நூலில் கலிலியோ, கப்பலின் கீழ்த்தளத்து அறை ஒன்றில் நண்பரோடு கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்கிறார். உள்ளே பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன, தொட்டியில் மீன் நீந்துகிறது, தொங்கும் குப்பியிலிருந்து கீழே உள்ள கலத்தில் நீர் சொட்டுகிறது. கப்பல் நின்றாலும் சரி, அலைவில்லாமல் ஒரே சீராக எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி, இவற்றில் எதுவும் மாறாது; அறைக்குள் என்ன சோதனை செய்தும் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லிவிட முடியாது.

மரக்காணம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் பேருந்தில் இதைச் சோதிக்கலாம். சாலை நன்றாக இருக்கிற இடத்தில், வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது, கண்டக்டர் ஒரு நாணயத்தை முக்கால் முழம் உயரத்துக்குச் சுண்டிப் போடட்டும். நேரே மேலே போய் நேரே கையில் விழும். அதே நாணயத்தைச் சாலையோர உப்பளத்தில் நிற்பவர் சன்னல் வழியாகக் கவனித்தால், அது ஏறத்தாழ ஒன்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு வில்லை வானத்தில் வரைந்துவிட்டு இறங்கும். அரை வினாடிக்குச் சற்று மேலான நேரத்தில் பேருந்து அவ்வளவு தூரம் போய்விடுகிறது. நாணயம் போனது நேர்கோட்டிலா, வளைவிலா? யாருடைய குறிப்பாயத்தில் என்று சொல்லாதவரை இந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. எங்கிருந்து தூரத்தை அளக்கிறோம், எதை அசையாததாக வைத்துக்கொள்கிறோம் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர்தான் குறிப்பாயம். கண்டக்டருடையது உண்மை, உப்பளத்துக்காரருடையது தோற்றம் என்று பிரிக்க இயற்பியலில் இடமில்லை. இருவரும் ஒரே ஈர்ப்பு விசையை எழுதி, ஒரே விதியைப் போட்டு, நாணயம் கையில் விழும் கணத்தைச் சரியாகச் சொல்வார்கள்.

முதல் விதி பொருந்துகிற இத்தகைய குறிப்பாயங்களை நிலைமக் குறிப்பாயங்கள் என்கிறோம். அவற்றுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. ‘உண்மையில்’ நிற்பது எது என்ற கேள்வியைக் கலிலியோ அங்கேயே புதைத்துவிட்டார்.

ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் காட்சி மாறுகிறது. எல்லோரும் முன்னே சாய்கிறார்கள். நிலைமத்தைக் கற்பிக்க நம் பாடநூல்கள் எடுத்தவுடன் காட்டும் உதாரணம் இதுதான்; என்னைக் கேட்டால் கடைசியில் வரவேண்டிய உதாரணம். பிரேக்கின்போது உள்ளே இருப்பவருக்கு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போலவே இருக்கும். சிறுவர்களும் அப்படியே மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள்: நிலைமம் தள்ளும் என்று. உப்பளத்தில் நிற்பவருக்கு அந்தக் குழப்பம் இல்லை. பேருந்தின் வேகம் குறைந்தது, பயணியின் உடம்பு பழைய வேகத்திலேயே போயிற்று, முன்னிருக்கைக் கம்பி குறுக்கே வந்தது. தள்ளியவர் யாரும் இல்லை.

பேருந்தையே அசையாததாக வைத்துக் கணக்குப் போட விரும்பும் பயணி, முன்னோக்கி ஒரு விசை இருப்பதாகச் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு ஒத்துவரும். இதைப் போலி விசை என்கிறார்கள். பெயர் கொஞ்சம் அநியாயம்தான். மூக்கில் பட்ட அடி போலி இல்லை. அந்த விசையைச் செலுத்துகிற பொருள் எதுவும் இல்லை என்பதும், குறிப்பாயத்தை மாற்றினால் அது மறைந்துவிடும் என்பதும் மட்டுமே பொருள்.

சீரான ஓட்டத்துக்கும் சீரற்ற ஓட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு ஒரு மனிதரின் வாழ்க்கையையே கவிழ்த்த கதை புதுச்சேரிக்கு உரியது. 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்தது. அதைப் புதுச்சேரியிலிருந்து அளக்க பிரெஞ்சு வானியலர் லெ ஜான்தி முந்தைய ஆண்டே கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. கடப்பு நிகழ்ந்த நாளில் அவர் இந்தியப் பெருங்கடலின் நடுவே இருந்தார். வானம் தெளிவாக இருந்தது. வெள்ளியைக் கண்ணாரக் கண்டார். ஆனால் அளவீடாகப் பயன்படும் எதையும் எடுக்க முடியவில்லை. அக்காலத்தின் துல்லியமான கடிகாரம் ஊசல் கடிகாரம்; ஆடி அசையும் தளத்தில் ஊசல் ஒழுங்காக ஆடாது. பக்கிங்காம் கால்வாயில் சீராகப் போகும் உப்புப் படகில் வைத்திருந்தால் அந்தக் கடிகாரம் கரையில் ஓடுவதுபோலவே ஓடியிருக்கும். கடலலை கணத்துக்குக் கணம் வேகத்தையும் திசையையும் மாற்றுகிறது. ஒவ்வொரு மாற்றமும் ஊசலுக்கு ஒரு போலி விசை. லெ ஜான்தி விடவில்லை. எட்டு ஆண்டுகள் கீழைக் கடல்களிலேயே தங்கி, மறுபடி பிரெஞ்சுக்காரர் வசமான புதுச்சேரியில் கெட்டியான நிலத்தில் கருவிகளை நிறுத்தி, 1769 ஜூன் 4 காலை அடுத்த கடப்புக்குக் காத்திருந்தார். அன்று மேகம் மூடிக்கொண்டது. அதற்கு எந்த நியூட்டனும் பொறுப்பல்ல.

கெட்டியான நிலம் என்றேன். அது அவ்வளவு கெட்டிதானா? வட்டத்தில் ஓடும் எதுவும் ஒவ்வொரு கணமும் திசை மாறுகிறது. திசை மாறினால் அதுவும் முடுக்கம்தான். அப்படிப் பார்த்தால் மரக்காணத்து நிலம் நிலைமக் குறிப்பாயம் ஆகாது. மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருக்கும் பேருந்தில் குடியிருக்கிறோம். அதன் போலி விசைகள் எங்கே?

ஒன்று, உப்பு மூட்டையின் எடையில் இருக்கிறது. சுழற்சியால் வெளிநோக்கித் தோன்றும் மையவிலக்கு விசை, இந்த அட்சரேகையில் எடையை 0.33 விழுக்காடு குறைத்துக் காட்டுகிறது. 50 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 165 கிராம். பூமி சுழலாமல் நின்றால் வில் தராசு அவ்வளவு கூடுதலாகக் காட்டும். தட்டுத் தராசு காட்டாது. படிக்கல்லும் அதே அளவு கனத்துவிடும். எனவே வியாபாரிகள் யாரும் அவசரப்பட வேண்டாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1672இல் ழான் ரிஷே தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம், பாரிஸில் சரியாக ஓடியது, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நாளுக்கு இரண்டரை நிமிடம் மெதுவானது. ஈர்ப்பு அங்கே குறைந்திருந்தது. சுழற்சி ஒரு காரணம். சுழற்சியால் பூமியின் இடுப்பு பருத்துப்போனது இன்னொரு காரணம். நம் பக்கத்தில் 1821இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலின் நீளத்தை நுட்பமாக அளந்து, உலகெங்கும் சேர்ந்துகொண்டிருந்த அந்தக் கணக்கில் நம் கடற்கரையையும் சேர்த்தார்.

இரண்டாவது சான்று எனக்குப் பிடித்தது. பாத்தியில் தேங்கிய உவர்நீரின் மட்டம். உப்பு விளையும் பாத்தியில் தண்ணீர் சில விரற்கடை ஆழம்தான் நிற்கும். தரை மட்டம் பிசகினால் ஒரு மூலை காய்ந்துபோகும். அதனால் மட்டம் பார்ப்பது இத்தொழிலில் பெரிய வேலை. அந்த மட்டத்தைத் தீர்மானிப்பது ஈர்ப்பு மட்டுமல்ல. மையவிலக்கு விசையில் ஒரு சிறு பகுதி தண்ணீரைத் தெற்கே, நிலநடுக்கோட்டுப் பக்கம் சாய்க்கிறது. நாம் மட்டம் என்பது இரண்டும் சேர்ந்து தீர்த்துவைத்த சமரசம். பூமி இன்றைய வடிவத்திலேயே இருக்க, சுழற்சி மட்டும் நின்றுபோனால், வடக்குத் தெற்காக 100 மீட்டர் நீளமுள்ள பாத்தியில் தண்ணீர் வடக்கு வரப்பில் போய்க் குவியும். இரு முனைகளுக்கும் வித்தியாசம் 7 சென்டிமீட்டர். தெற்கு முனையில் ஆழம் வெகுவாகக் குறைந்துவிடும். பூமி சுழல்வதற்குச் சான்று கேட்பவருக்கு, தரையில் ஒரே சீராகப் படர்ந்து நிற்கும் தண்ணீரையே காட்டலாம்.

இன்னொரு போலி விசை நகரும் பொருள்களை மட்டுமே தொடும். திருவிழாக் குடை ராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று கொள்வோம். எதிர் இருக்கையில் உள்ள தங்கைக்குக் குறிபார்த்து அண்ணன் பந்தை எறிகிறான். பந்து அவள் பக்கம் போகாமல் அவனுக்கு வலப்புறமாக வளைந்து போகிறது. கீழே நிற்கும் அம்மாவுக்குப் பந்து நேராகத்தான் போனது. இடம் மாறியது தங்கை. ராட்டினத்தில் இருப்பவன் தன்னை அசையாதவனாக வைத்துக்கொண்டால், ஓடும் பொருளை எல்லாம் வலப்பக்கம் தள்ளும் ஒரு விசையை எழுதிக்கொள்ள வேண்டும். நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் கொரியாலிஸ் 1835இல் இதற்குக் கணக்கு எழுதினார். பெயர் அவருடையதே.

பூமி என்ற ராட்டினம் மிக மெதுவானது. நாளுக்கு ஒரே சுற்று. அதுவும் வடதுருவத்தில் மட்டுமே தரை முழுச் சுற்றாகத் தட்டையாகச் சுற்றும். நிலநடுக்கோட்டில் தரை தன் செங்குத்தைச் சுற்றித் திரும்புவதே இல்லை. மரக்காணத்தில் துருவத்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1851இல் ஃபூக்கோ பாரிஸின் பாந்தியன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டியபோது, ஊசலின் தளம் ஏறத்தாழ 32 மணி நேரத்தில் ஒரு சுற்றுத் திரும்பியது. அதையே மரக்காணத்தில் தொங்கவிட்டால் 113 மணி நேரம். ஐந்து நாளுக்குச் சற்றுக் குறைவு.

இவ்வளவு மெதுவானதால் அன்றாட வாழ்வில் இதைத் தேடுவது வீண். ஒரு பிடி உப்பைப் பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு வினாடியில் எறிந்தால், அது வலப்புறம் விலகுவது ஆறில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓர் உப்புக்கல்லின் பருமன்கூட இல்லை. 10 டன் எடையோடு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உப்பு லாரியை அது வலப்புறம் தள்ளுவது அரைக் கிலோ எடையளவு விசையோடு. மடையைத் திறந்ததும் நீர் சுழித்துக்கொண்டு இறங்குவதற்குப் பூமியின் சுழற்சி காரணம் என்று சொல்வாரும் உண்டு. அது கட்டுக்கதை. 1962இல் அமெரிக்காவில் ஆஷர் ஷாப்பிரோ ஆறடி அகலத் தொட்டியில் தண்ணீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்திருந்து, பிறகு மெல்ல வடியவிட்டுத்தான் அந்தச் சுழிப்பைப் பிடிக்க முடிந்தது. அவர் இருந்த இடத்தில் விளைவு இங்கே உள்ளதைப் போல மூன்று மடங்கு வலியது. கடற்காற்று அடிக்கும் உப்பளத்து மடையில் சுழி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை மண்வெட்டி வெட்டிய வாட்டம் முடிவு செய்யும்.

தூரமும் நேரமும் கூடினால் கதை வேறு. 200 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரு தாழ்வழுத்த மையத்தை நோக்கி வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று புறப்படுகிறது. வந்து சேர ஐந்தரை மணி நேரம். அதற்குள் அதன் வலப்புற விலகல் 60 கிலோமீட்டர் அளவுக்குப் போய்விடும். நாலாபுறமிருந்தும் வரும் காற்று எல்லாம் மையத்தைத் தன் இடக்கைப் பக்கம் விட்டுவிட்டுத் தவறிப் போனால், மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக ஒரு சுழல் பிறக்கிறது.

2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த நிவர் புயல் அப்படிப் பிறந்ததுதான். மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர் வேகம், இடையிடையே 145 வரை. அதன் வேகத்தைக் கொரியாலிஸ் கொடுத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மையத்திலிருந்து 30 கிலோமீட்டரில் அந்த வேகத்தில் சுற்றும் காற்றை வளைத்துப் பிடித்திருக்கத் தேவைப்படும் முடுக்கம், கொரியாலிஸ் முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. பிடித்திருப்பது அழுத்த வேறுபாடு. கொரியாலிஸின் பங்கு ஆரம்பத்தில் திசையைச் சொல்லிக்கொடுத்ததுதான்.

இங்கே உப்பளத்தை விட்டு வெளியேறி, சுழலாத குறிப்பாயத்தில் நின்று அதே புயலைப் பார்ப்போம். அங்கே கொரியாலிஸ் என்ற பேச்சே கிடையாது. அமைதியாக நிற்பதாக நமக்குத் தோன்றும் காற்றும் தரையோடு சேர்ந்து 113 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வீதம் ஏற்கெனவே சுழல்கிறது. புயல் மையத்திலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி அந்தச் சுழற்சியின் வேகம் வினாடிக்கு 4.6 மீட்டர், சாதாரணத் தென்றல் அளவு. உள்நோக்கி இழுக்கப்பட்டு 30 கிலோமீட்டருக்கு வந்தால் ஆரம் பத்தில் ஒன்று. கோண உந்தம், அதாவது ஆரத்தையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கிய அளவு, மாறாததால் வேகம் பத்து மடங்கு. மணிக்கு 165 கிலோமீட்டர். கடல் மேற்பரப்போடு உராய்ந்து இழந்தது போக மிஞ்சுவது நிவரின் வேகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. உள்ளே நிற்பவர் விசை என்று எழுதியதை வெளியே நிற்பவர் நிலைமம் என்று எழுதுகிறார். பறந்துபோன கூரை இரு கணக்கிலும் அதே கூரை.

நிலநடுக்கோட்டையொட்டிப் புயல் ஏன் அநேகமாக உருவாவதில்லை என்பதும் இதில் அடங்கிவிட்டது. அங்கே தரைக்குச் சுழற்சிப் பங்கு இல்லை. ஏதோ ஒரு வேளை, 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே 1.5 பாகையில் வந்த வாமெய் போல, வானிலைக்காரர்களை விழிக்கவைக்கும் விதிவிலக்கு நேரலாம்.

வங்கக் கடல் புயல் சுழல்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தவர் யாரும் இல்லாத காலத்திலேயே தெரிந்துவிட்டது. செயற்கைக்கோளுக்கு ஒரு நூற்றாண்டு முன்பு, கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டினார். ஒவ்வொரு கப்பலுக்கும் தெரிந்தது தன்மேல் அடித்த காற்றின் திசை மட்டும்: ஒன்றுக்கு வடக்கிலிருந்து வாடை, ஒன்றுக்குக் கிழக்கிலிருந்து கொண்டல், இன்னொன்றுக்கு மேல்காற்று. ஒன்றுக்கொன்று முரண்பட்ட இந்தச் சாட்சிகளை ஒரே வரைபடத்தில் வைத்தபோது ஒற்றைச் சுழல் தெரிந்தது. 1848இல் அவர் வெளியிட்ட மாலுமிக் கையேட்டில் புயல் வட்டங்களை வரைந்த கொம்புத் தகடுகளைச் சேர்த்தார். ஒளி ஊடுருவும் அந்தத் தகட்டைக் கடல் வரைபடத்தின்மேல் வைத்து நகர்த்தினால், தன் கப்பல் புயலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தலைவர் கண்டுகொள்ளலாம். 1857இல் டச்சுக்காரர் பைஸ் பாலட் அதை ஒரு வரியில் அடக்கினார்: வட கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம்.

இந்தக் கரையில் அதைப் பயன்படுத்துவது எளிது. புயல் கிழக்கே கடலில் இருக்கும்போது மரக்காணத்தில் வாடை அடிக்கும். முதுகைக் காட்டி நின்றால் முகம் தெற்கே, இடக்கை கடலை நோக்கி. காற்று உராய்வால் சற்று உள்நோக்கிச் சாய்வதால் மையம் நேர் இடத்தில் இல்லாமல் கொஞ்சம் முன்னால் இருக்கும். அதன்பின் வாடை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். வாடையிலிருந்து மேற்குக்குத் திரும்பிப் பிறகு தெற்கே போனால் மையம் ஊருக்கு வடக்கே கடக்கிறது. நிலத்திலிருந்து அடிக்கும் காற்று கடலைப் பின்னுக்குத் தள்ளும். வாடையிலிருந்து கொண்டலாகி, பிறகு தெற்கே திரும்பினால் மையம் தெற்கே கடக்கிறது. அப்போது காற்று கடலைக் கரைமேல் ஏற்றும். முகத்துவாரம் வழியாக உப்பங்கழி நிரம்பி, பாத்திகளின் வரப்பு மூழ்கும்.